அஸ்தெக்கரின் முழவும் அச்சுவேலிக் கூத்தும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக் கீழ்ப்பகுதியில், செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த அச்சுவேலி என்னும் ஊர் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூரில் ஞானப்பிரகாச யந்திரசாலை என்றோர் அச்சுக்கூடம் இயங்கிற்று. அதனை நடத்தியவர் தம்பிமுத்துப்பிள்ளை. பின்னாளில் இலண்டன் மாநகரிற் கவிதைக்கெனத் தனியொரு சஞ்சிகையை 1939இல் தொடங்கி, ஆங்கிலக் கவிஞர் பலரை உலகறியச் செய்த தம்பிமுத்து, இவருடைய பேரனாவார். ஒரு சிற்றூரின் அச்சுப்பொறி எத்துணைத் தொலைவு எட்டக்கூடும் என்பதற்கு இக்குடும்பமே சான்று.

அக்காலத்து யாழ்ப்பாண அச்சுக்கூடங்கள் புராணமும் நிகண்டும் மட்டுமன்றி, நாட்டுக்கூத்துப் பனுவல்களையும் வெளியிட்டு வந்தன. அத்தகைய பழம்பிரதியொன்றை என் இளமையில் அச்சுவேலியில் ஓர் அண்ணாவியாரிடம் கொண்டுசென்று காட்டினேன். பக்கங்களைப் புரட்டிய முதியவர், தருக்களை ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். மீண்டும் முயன்றார், முடியவில்லை. புத்தகத்தை மூடி என் கையில் வைத்து, "தம்பி, சொல்லுப் புத்தகத்திலை கிடக்குது, மெட்டு என்ரை அண்ணாவியாரோடை போட்டுது" என்றார்.

அச்சொற்கள் நெடுநாள் என் செவியை விட்டு அகலவில்லை. சொல் எஞ்சி மெட்டு மறைந்த நிலை ஒரு கூத்துக்கு நேர்ந்தால் அஃது ஓர் ஊரின் இழப்பு. ஒரு பேரரசின் இசை முழுவதற்கும் அது நேர்ந்தால் என்னாகும்? அங்ஙனம் நேர்ந்த நாடு ஒன்றுண்டு. அதுவே மெக்சிக்கோ. மறைந்த அவ்விசையை இருபதாம் நூற்றாண்டிற் பல்லியத்தின் வாயிலாக மீண்டும் ஒலிக்கச் செய்ய முற்பட்ட ஒருவரின் வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விழைகின்றேன். பல்லியம் என்றது, மேனாட்டார் ஓர்க்கெஸ்ட்ரா என வழங்கும் பல கருவிகளின் கூட்டிசையை.

இற்றைக்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன், மெக்சிக்கோவின் நடுமேட்டு நிலத்தில், ஏரியொன்றின் இடையே அமைந்த தீவில் தெனோச்தித்லான் என்னும் மாநகர் விளங்கிற்று. அஃது அஸ்தெக்கரின் தலைநகர். அவர்கள் பேசிய நாகுவாத்தில் மொழியைப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இன்றும் பேசுகின்றனர். அந்நகரில் 'பாட்டில்லம்' எனப் பொருள்படும் பெயருடைய பள்ளிகள் இருந்தன. இளைஞரும் மகளிரும் அங்கே கூடி ஆடலும் பாடலும் பயின்றனர். இசை அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று. தெய்வத்துக்கும் அரசுக்கும் செலுத்தும் கடன். பாடுவோன் பாட்டிலோ முழவிலோ பிழை செய்தால் அரசனின் தண்டத்துக்கு ஆளானான் எனப் பழைய ஏடுகள் கூறுகின்றன.

அவர்தம் கருவிகளுள் இரண்டு முழவுகள் தலைமை பெற்றவை. ஒன்று உவேவெத்ல். மரத்தைக் குடைந்து, மேல்வாயில் தோல் போர்த்து, நிமிர்த்தி நிறுத்தி, கையால் முழக்கப்படுவது. மற்றையது தெப்போனாஸ்த்லி. இதற்குத் தோல் இல்லை. கிடையாகக் கிடத்திய மரக்குற்றியை உட்குடைந்து, மேற்பரப்பில் இரு நாக்குகள் எதிரெதிரே அமையுமாறு பிளந்து, இறப்பர் சுற்றிய கோல்களால் அடிப்பர். இரு நாக்குகளும் இரு வேறு சுரங்களைத் தரும். இவற்றோடு சுட்ட களிமண் குழல், சங்கு, ஆமையோடு, எலும்பிற் கீறல் வெட்டித் தேய்த்து ஒலிக்கும் கருவி, விதையிட்ட கிலுகிலுப்பை ஆகியனவும் இருந்தன. நரம்புக் கருவி எதுவும் அவர்களிடம் இருந்ததாகச் சான்றில்லை. யாழையும் வீணையையும் இசையின் தாயாகக் கருதும் நமக்கு இது வியப்பளிப்பதே.

அவர்களுடைய விழாக்களுள் தொஸ்காத்ல் என்பது ஒன்று. அவ்விழாவுக்கென இளைஞன் ஒருவனைத் தெரிந்தெடுத்து, ஓராண்டு காலம் தெய்வமாகவே போற்றிக் குழலிசை பயிற்றுவர். குறித்த நாளில் அவன் கோயிற் படிகளில் ஏறுங்கால், தான் வாசித்த குழல்களைப் படிதோறும் முறித்துக்கொண்டே ஏறுவான். உச்சியிற் பலியாவான். கொடிய வழக்கந்தான், அதனை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது.

1520ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே விழா நடந்தது. அப்போது எர்னான் கோர்தேசின் ஸ்பானியப் படை நகருள் புகுந்திருந்தது. கோர்தேசு வெளியே சென்றிருந்த வேளையில், அவனது தளபதி அல்வராதோவின் வீரர் கோயில் முற்றத்தின் வாயில்களை அடைத்து, ஆடிக்கொண்டிருந்தோர்மேற் பாய்ந்தனர். அவர்கள் முதலில் அணுகியது முழவு முழக்கியவனையே என்றும், முதலில் வெட்டுண்டு வீழ்ந்தவை அவன் கைகளே என்றும் நாகுவாத்தில் மொழியில் எழுதப்பெற்ற வரலாறு கூறுகின்றது. அதனை அந்நாட்டு அறிஞரின் துணையோடு தொகுத்தவர் சகாகூன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி. பன்னிரண்டு பகுதிகளாக அமைந்த அவருடைய பெருந்தொகுப்பே இன்று அஸ்தெக்கரின் வாழ்வை அறிய நமக்குள்ள தலையாய ஆவணம்.

அடுத்த ஆண்டு, 1521 ஆகஸ்டு 13இல், நெடிய முற்றுகையின் பின் நகர் வீழ்ந்தது. கடைசி அரசன் குவாத்தெமோக் சிறைப்பட்டு, 1525இல் தூக்கிலிடப்பட்டான். கோயில்கள் இடிக்கப்பட்டன, அவற்றின் கற்களால் புதிய நகரம் எழுந்தது.

இக்கதையைக் கேட்கும் யாழ்ப்பாணத்து நேயர்க்கு நம் வரலாறு நினைவுக்கு வாராதிராது. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621இல், தெனோச்தித்லான் வீழ்ந்து சரியாக நூறாண்டு கழித்து, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. சங்கிலி குமாரன் கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1623இல் அங்கே கொல்லப்பட்டான். ஆயின் ஒரு பெரும் வேறுபாடுண்டு. நல்லூரரசு வீழ்ந்தபோதிலும் தமிழிசை அழியவில்லை. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் அதனை வாயிலும் கையிலும் ஏந்தியோர் இருந்தனர். அஸ்தெக்கரின் கோயிலிசைக்கு அத்தகைய அக்கரை இருக்கவில்லை.

அப்படியாயின் எஞ்சியது யாது? பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பெற்ற நாகுவாத்தில் பாடற்றொகுதி ஒன்று மெக்சிக்கோவின் தேசிய நூலகத்தில் உளது. சொற்கள் முழுமையாக உள்ளன. சுரக்குறிப்பு இல்லை. ஆயினும் சில பாடல்களின் தலைப்பில் 'தி', 'தோ', 'கி', 'கோ' என்னும் அசைகள் பலவாறு கோத்து எழுதப்பட்டுள்ளன. இவை முழவுக்குரிய குறிப்புகள் என்பதை அறிஞர் பெரும்பாலும் ஏற்கின்றனர். ஆயின் எவ்வசை எந்த அடியைக் குறிக்கும், எது உயர்ந்த ஒலி, எது தாழ்ந்த ஒலி, காலவளவு யாது என்பன குறித்து ஒருவர் கூற்றை மற்றொருவர் மறுத்தே வருகின்றனர்.

நமக்கு இதன் பொருள் உடனே விளங்கும். மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் மத்தளத்துக்கும் உரிய சொற்கட்டுகளை நாம் அறிவோம். 'தா' என்றால் எந்த விரல், 'தொம்' என்றால் எந்தப் பக்கம் என்பதை ஏடு மட்டும் கற்பித்துவிடாது. ஆசான் கையைப் பார்த்து மாணாக்கன் கை கற்கின்றது. 1975இல் தம் நாற்பத்திரண்டாம் வயதளவில் மறைந்த யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் சொற்கட்டுகளை எழுதிவைத்தால் மட்டும் அவரது தவில் நமக்குக் கிட்டுமா? ஒலிப்பதிவும் வழிவந்த மாணாக்கரும் இருப்பதாலன்றோ அது கிட்டுகின்றது! அஸ்தெக்கருக்கு எழுத்து எஞ்சியது, கை எஞ்சவில்லை.

நிற்க. அஸ்தெக்கரின் கதையை இசையாக்கும் ஆசை ஐரோப்பியருக்குப் பண்டே தோன்றிற்று. விவால்டி என்னும் இத்தாலிய இசைமேதை 1733இல் வெனிசு நகரில் மொக்தெசூமாவின் கதையை இசைநாடகமாக அரங்கேற்றினார். 1755இல் பேர்லினில் கிரவுன் என்பார் அதே மன்னன்மீது ஒன்று அமைத்தார். அதற்குக் கதை வகுத்தவன் பிரசிய மன்னன் பிரெடெரிக்கு. 1809இல் பாரிசில் ஸ்பொந்தீனி கோர்தேசைத் தலைவனாக வைத்து ஒன்று இயற்றினார். இவற்றிலெல்லாம் மன்னன் பெயர் அஸ்தெக்கருடையது. மெட்டும் கருவியும் ஐரோப்பாவுக்குரியவை. 1871இல் மெக்சிக்கோவிலேயே ஒர்த்தேகா என்னும் மருத்துவர் குவாத்தெமோக்கைப் பற்றி ஓர் இசைநாடகம் படைத்தார். அதன் பெரும்பகுதியிலும் இத்தாலிய முறையே ஓங்கி நின்றது. தம் நாட்டுப் பழங்குடியினரின் முழவு, கற்றோர் அவைக்கு ஏற்றதன்று என்ற எண்ணமே அக்காலத்து மேலோங்கியிருந்தது.

1910இல் மூண்ட மெக்சிக்கப் புரட்சி இந்நிலையை மாற்றிற்று. அதன்பின் எழுந்த அரசு, பழங்குடி மரபை நாட்டின் பெருமையாகக் கொண்டது. சுவரோவியர் சுவர்களை நிரப்பினர். இசையில் அப்பணியை மேற்கொண்டவர் கார்லோஸ் சாவேஸ். 1899இற் பிறந்த இவர், கல்வியமைச்சின் தலைவராக விளங்கிய வஸ்கொன்செலோசின் தூண்டுதலால், 1921இல் 'புதுத்தீ' என்னும் ஆடலிசையை எழுதினார். ஐம்பத்திரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை அஸ்தெக்கர் பழைய தீயனைத்தையும் அவித்துப் புதுத்தீ மூட்டிய சடங்கே அதன் பொருள். 1928இல் தலைநகரில் தோன்றிய சிம்பொனிப் பல்லியத்துக்கு அவர் தலைமை ஏற்று, இருபது ஆண்டுகட்கு மேலாக அதனை நடத்தினார்.

அவருடைய படைப்புகளுள் புகழ் மிக்கது 'இந்தியச் சிம்பொனி'. இந்தியர் என்றது ஈண்டு அமெரிக்கப் பழங்குடியினரை. 1936 சனவரி 23இல் இதனை உலகம் முதன்முதற் கேட்டது நியூயோர்க் வானொலி நிலையத்தின் வாயிலாக என்பது, வானொலி நேயர்களாகிய நாம் மகிழத்தக்க செய்தி. அஸ்தெக்கரின் மெட்டுகள் கிடையாவாதலின், வடமெக்சிக்கோவில் அக்காலத்து வாழ்ந்த ஹுயிச்சோல், யாக்கி முதலிய குடிகளின் பாடல்களையே அவர் இதில் எடுத்தாண்டார். நீரில் மிதக்கும் சுரைக்குடுக்கை, பட்டாம்பூச்சிக் கூடுகளைக் கோத்த சரம், மான்குளம்புச் சரம் ஆகிய பழங்குடிக் கருவிகளையும் வயலின் வரிசைகளோடு சேர்த்தார். அவை கிட்டாத நாட்டார் வேறு எவற்றை வாசிக்கலாம் என்பதையும் இசைப்படியிலேயே குறித்தார்.

எனினும் அஸ்தெக்கு நாகரிகத்தை நேரே நோக்கிய படைப்பு 1940இல் எழுந்தது. அவ்வாண்டு நியூயோர்க் நவீனக் கலைக் காட்சியகத்தில், இருபது நூற்றாண்டு மெக்சிக்கக் கலைப்பொருள்கள் வைக்கப்பட்டன. அதனையொட்டி நிகழ்ந்த இசையரங்குக்குச் சாவேஸ் எழுதியதே 'சோச்சிப்பில்லி'. பூவின் இளவரசன் எனப் பொருள்படும் இப்பெயர், பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் உரிய தெய்வத்தினது.

அதனை அவர் அமைத்த முறை கருதத்தக்கது. அரும்பொருளகங்களில் இருந்த பழங்கருவிகளை ஆராய்ந்தார். பழைய ஏடுகளின் ஓவியங்களையும் ஸ்பானியர் எழுதிய குறிப்புகளையும் ஒப்புநோக்கினார். வயலின் குடும்பத்தை முற்றாக நீக்கினார். நான்கு ஊதுகருவியாளரும் ஆறு தாளக் கருவியாளருமே வாசிக்க அமைத்தார். சங்குக்கு ஈடாக டிரொம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியைக் கொண்டார். விரைந்தும் மெலிந்தும் மீண்டும் விரைந்தும் செல்லும் மூன்று பகுதிகளாக அது நடக்கின்றது. கேட்போர்க்கு முதலில் நம் கோயில் வீதியிற் சங்கும் மேளமும் ஒருங்கெழும் நினைவே வரக்கூடும்.

இத்தனையும் செய்த பின் அவர் அதனை 'அஸ்தெக்கரின் இசை' என்று அழைக்கவில்லை. 'கற்பனையில் அமைந்த ஓர் அஸ்தெக்கு இசை' என்னும் துணைத்தலைப்போடே அது இன்று வழங்குகின்றது. அந்த ஒரு சொல்லில் அவருடைய நேர்மை முழுதும் அடங்கியுள்ளது என்பேன்.

அச்சொல் எத்துணை வேண்டியதாயிற்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டிற்று. அஸ்தெக்கர் அரைச்சுரம் இல்லாத ஐந்து சுரங்களாலேயே பாடினர் எனச் சாவேஸ் கருதினார். நம் மோகனத்தை ஒத்த ஐஞ்சுர வரிசை தொன்மைக்கு அறிகுறி என்பது அக்கால அறிஞர் பலர் கொண்ட கொள்கை. ஆயின் கிடைத்த குழல்களின் சுரங்களைப் பின்வந்தோர் அளந்தபோது, அவை யாவும் அக்கட்டுக்குள் அடங்கவில்லை. 1978இல், சாவேஸ் மறைந்த அதே ஆண்டில், மெக்சிக்கோ நகரின் நடுவே மின்கம்பி புதைக்கத் தோண்டியோர் நிலவுத் தெய்வத்தின் பெருங்கற்சிற்பத்தைக் கண்டனர். அதனால் அஸ்தெக்கரின் பெருங்கோயில் முழுவதையும் அகழும் பணி தொடங்கிற்று. மண்ணிலிருந்து சங்குகளும் குழல்களும் கருவிகளின் சிற்றுருவங்களும் வெளிவந்தன. புதுச்சான்று எழுந்தபோது சாவேசின் கொள்கை தளர்ந்தது. அவருடைய இசை தளரவில்லை. ஏனெனில் அது தன்னைச் சான்றென்று கூறிக்கொள்ளவில்லை; கலையென்றே கூறிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சாவேசின் காலத்தில் நம்மிடையேயும் ஒருவர் மறைந்த ஓசையைத் தேடினார். அவர் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர். தமிழருக்கு உரியதாயிருந்து வழக்கொழிந்த யாழை, சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் பழைய உரைகளையும் துணைக்கொண்டு, கணிதமும் அறிவியலும் கற்ற தம் புலமையால் ஆராய்ந்தார். அதன் பயனாகிய 'யாழ் நூல்' 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். சாவேஸ் கலைஞர், கற்பனையை முன்வைத்துச் சான்றைத் துணையாக்கினார். விபுலாநந்தர் ஆராய்ச்சியாளர், சான்றை முன்வைத்துக் கணக்கைத் துணையாக்கினார். இரு நெறியும் வேண்டுவன. ஒன்றை மற்றொன்றாக மயங்குதலே கூடாதது.

தமிழர் கையில் மேற்றிசைப் பல்லியமும் பழமையும் ஒன்றுகூடிய நிகழ்ச்சியும் உண்டு. வயலின் வித்துவான் எல். சுப்பிரமணியம் இளமையில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அவர் தந்தை லட்சுமிநாராயணர் ஈண்டு இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. அச்சிறுவரே வளர்ந்து, 1985இல் சுபின் மேத்தாவின் தலைமையில் நியூயோர்க் பில்ஹார்மோனிக் பல்லியத்தோடு, வேத மந்திரங்களை அடியாகக் கொண்ட தம் படைப்பை வாசித்தார். அதன் பெயரிலும் கற்பனை எனப் பொருள்படும் சொல்லே தலைநிற்கின்றது. ஆயினும் ஒன்று நோக்குக. வேதத்தின் ஏற்ற இறக்கம் ஆசான் வாயிலிருந்து மாணாக்கன் செவிக்கு இடையறாது வந்தது. ஆதலின் அவர் கற்பனைக்குக் காலூன்ற நிலமிருந்தது. சாவேசுக்கோ நிலமே அகழ்ந்தெடுக்க வேண்டியதாயிருந்தது.

நாளை நம் இளைஞர் ஒருவர் சங்கிலியின் வீழ்ச்சியைப் பல்லியமாக்க எண்ணக்கூடும். எண்ணுதல் வேண்டும். அப்போது அவருக்கு யாது கிடைக்கும்? நல்லூர் அரண்மனையில் ஒலித்த இசையை நாம் கேட்க இயலாது. அதனைக் கற்பனை என்று கூறியே படைத்தல் நேர்மை. ஆயின் யாழ்ப்பாண மண்ணில் இன்றும் ஒலிப்பவை உள. கூத்தின் மத்தளமும் சல்லரியும் உள, உடுக்கு உளது, பறை உளது. பறை முழக்குவோரைத் தாழ்வாக நோக்கிய நம் சமூகம், அக்கைகளில் உள்ள தாளங்களை எண்ணிப் பார்க்கவும் பலகாலம் மறுத்தது. மெக்சிக்கோவிற் கற்றோர் செய்த பிழையை நாமும் செய்தோம். அங்கே முழவுக்காரனின் கையைப் பகைவன் வெட்டினான். இங்கே நாமே அக்கையை நோக்காதிருந்தோம். விளைவில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை.

இதற்கு மாற்று காட்டினோரும் நம்மிடையே இருந்தனர். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது, மட்டக்களப்பு அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்து மாணவர்க்கு ஆசானாக்கினார். ஏட்டை மட்டும் அவர் நம்பவில்லை. ஏட்டுக்குரிய வாயையும் காலையும் தேடிச் சென்றார். பழமையைப் புதுக்கலையாக்குவோர் முதலிற் செய்யவேண்டியது இதுவே.

சாவேஸ் பழங்கருவிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் கண்டார். நமக்கு அவை கோயில் வீதியிலும் கூத்துக் கொட்டகையிலும் இன்றும் கையில் தவழ்கின்றன. ஒலிப்பதிவுக் கருவி இந்நாளிற் சட்டைப்பையில் அடங்குகின்றது. பாட்டைப் பதியுங்கால், மெட்டின் பெயரையும் பாடியவர் ஊரையும் மத்தளக்காரரின் சொற்கட்டையும், அச்சொற்கட்டுக்குரிய கையின் அசைவையும் சேர்த்தே பதிதல் வேண்டும். அங்ஙனம் செய்யின், பின்வரும் இசைவாணர் விரும்பியவிடத்துக் கற்பனை செய்வர். வேறு வழியின்மையாற் கற்பனை செய்யும் நிலை அவர்க்கு நேராது.

அச்சுவேலி முதியவர் மூடித் தந்த அப்பிரதி இன்றும் என்னிடம் உளது. அவர் பாடி முடித்த தருக்களை அன்று யான் எழுதிக்கொள்ளவில்லை. பாடாது விட்ட ஒன்றை எண்ணியே வருந்திக்கொண்டு வீடு திரும்பினேன். பாடியவற்றுள்ளும் பல இன்று என் நினைவில் இல்லை. இழந்ததை எண்ணி இரங்கிய பொழுதில் இருந்ததையும் இழந்தேன் என்பதை மெக்சிக்கோவின் வரலாற்றைக் கற்ற பின்னரே உணர்ந்தேன். நேயர்களின் ஊரில் அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவர் மறந்த தருவைக் கேட்குமுன், நினைவில் உள்ளவற்றைக் கேளுங்கள்.